பரிசு வாங்கிய பை

பூட்டி வைக்கவா மருந்துப் பை? எங்கள் படைப்பிரிவில் காயம்பட்டவர்களைக் கவனிப்பவரை 'மாமா' என்போம். இருட்டில் துழாவினாலும் இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்தும் பட்டைதான் முதலில் கைக்கு வரும், அப்படித் தன் பையை அடுக்குவார். அதன் பிளாஸ்டிக் உறையை முன்பே கிழித்துவிடுவார். "ரத்தக் கையால பிரிக்க வராதுடா" என்பார்.

மருந்துப் பைகளுக்கு நடந்த போட்டியில் அந்தப் பைக்கு அதிகாரி முதல் பரிசு கொடுத்தார். கொடுத்த கையோடு, எல்லோரும் பார்க்கட்டும் என்று கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"நாளைக்கு எதை எடுத்துட்டுப் போறது சார்?" என்று மாமா கேட்டார்.

"புதுசு வரும். அதுவரைக்கும் சமாளிய்யா" என்றார் அதிகாரி. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

மறுநாள் சண்டையில் என் தொடையில் குண்டு பாய்ந்தது. மாமா தன் பெல்ட்டைக் கழற்றி, அது வழுக்க வழுக்க இறுக்கினார். உயிர் தங்கியது. கால் போனது.

இன்றும் விருந்தாளி வந்தால் அதிகாரி அந்தப் பையைக் காட்டுகிறார். அதில் ஒரு துண்டுப் பஞ்சுகூடக் குறையவில்லை என்று பெருமை வேறு.