லைட் டூட்டி

தென்காசிப் பக்கம் ஒரு நூல் மில்லில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். யாருக்காவது அடிபட்டால் அந்த அடிக்குப் பெயர் வைப்பது என் வேலை. மருந்து போட்டதும் மெஷினுக்குத் திரும்பிவிட்டால் ஃபர்ஸ்ட் எய்ட் கேஸ். மறுநாள் வேலைக்கு வர முடியாமல் போனால் லாஸ்ட் டைம், அதாவது வேலைநேர இழப்பு. இந்த இரண்டாவது பெயர் எங்கள் மேனேஜருக்கு ஆகவே ஆகாது. வாசல் போர்டில் ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று ஏறிக்கொண்டே போகும் எண், பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அடிபட்டவரை மறுநாள் காலையில் மில் ஜீப்பே வீட்டுக்குப் போய் ஏற்றிக்கொண்டு வரும். என் அறையில் ஒரு நாற்காலியில் உட்கார வைப்போம். ஆள் வந்தாயிற்று, லாஸ்ட் டைம் இல்லை. அப்படி உட்கார்ந்திருப்பதற்கு லைட் டூட்டி என்று பெயர்.

போன சீசனில், சாரல் விடாமல் அடித்த ஒரு வாரத்தில், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினில் விரல் நசுங்கிய ஒரு அக்கா அந்த நாற்காலிக்கு வந்தார். கீழப்பாவூர்க்காரர். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண் அயர்வார், வலியில் திடுக்கிட்டு விழிப்பார். பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“சார், வலி உயிர் போவுது. வீட்டுல போயி படுத்துக்கிடட்டா?”

எனக்கு எல்லாமே அலுத்துப்போயிருந்தது. “போங்கக்கா, கை ஆறின பொறவு வந்தா போதும்” என்று ஆட்டோ பிடித்து அனுப்பினேன். லாஸ்ட் டைம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் கத்தியதைக் காதில் வாங்கவில்லை. ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதிகூட இருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் அவரே வந்துவிட்டார். கட்டின்மேல் பாலிதீன் பை, சேலை முழுக்க ஈரம்.

“ஏன்க்கா வந்தீங்க?”

“குக்கர் போச்சே சார்.”

ஒரு பிரிவு வருஷம் முழுக்க விபத்தில்லாமல் ஓட்டினால் அதில் வேலை செய்பவர்களுக்கு ஆளுக்கொரு குக்கர் கொடுப்பார்கள். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

“கூட வேல பாக்குத எல்லாவளும் போன் போட்டு ஏசுதாளுவ. ஒன்னாலதான் போச்சுன்னு சொல்லுதாளுவ. நான் இங்கனயே உக்காந்துக்கிடுதேன், மாத்தி எழுதிருங்க சார்.”

முடியாது என்றேன். அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எழுதுனது இருக்கட்டும் சார். நான் வந்தேன்னு மட்டும் அவளுவகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க.”