பிரெஞ்சு வாத்தியத்துக்கு ஒரு பொட்டு

மியூசியத்தில் காவல் வேலைக்கு அறிவைவிட முழங்கால்தான் முக்கியம் என்பது, நின்றே சம்பளம் வாங்கும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஜொகூரில் ஒரு மியூசியத்தின் வாத்தியக் கூடத்தில் ஆறு வருடமாக நிற்கிறேன். எனக்கு நேர் எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய பிரெஞ்சுப் பித்தளை வாத்தியம் இருக்கிறது. ஒஃபிக்ளைட் என்று பெயர். இடுப்பைத் தாண்டிய உயரம், கூரையைப் பார்த்த வாய், உடம்பெல்லாம் வட்ட வட்ட மூடிகள். அதை ஊத யாருக்கும் அனுமதி கிடையாது. ஆனாலும் தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, அதன்மேல் எனக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது.

எந்த லாரி?

காஹாங்கிலிருந்து லாரி மெக்கானிக் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். பெட்டியை இரண்டு முறை சுற்றிவிட்டு, "அண்ணே, இது எந்த லாரியோட எக்ஸாஸ்ட்?" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். அந்த மாதம் அதைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். பிரான்ஸிலிருந்து ஆரம்பித்தேன். பாதியிலேயே அவர் மனைவி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்: "லீவு நாள்லயும் லாரியா? வாங்க, வெளிய ஐஸ் கச்சாங் விக்கிறாங்க."

அளவு டேப்

எங்கள் மேலதிகாரி அம்மா புவான் ரொஹானி, தமிழாட்கள் நிறைந்த பாலோ பக்கத்து எஸ்டேட்டில் வளர்ந்தவர். மலாய்க்காரர்தான், ஆனால் தமிழில் திட்டினால் நமக்கே பதில் வராது. ஒருநாள் டேப்போடு வந்து என் பெட்டியை நீளவாக்கில் அளந்தார். மாதக் கடைசியில் வாத்தியம் ஸ்டோருக்குப் போகிறது, அந்த இடத்தில் தொடுதிரை வரப்போகிறது என்றார். ஸ்டோருக்குப் போன எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. மனசு கேட்காமல், இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்று கெஞ்சினேன். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "நான் என்ன பண்ணட்டும் மணியம், யாரும் நின்னு பாக்க மாட்றாங்களே லா."

மிச்சச் சந்தனம்

அந்த வாரமே ஆயுத பூஜை. டிக்கெட் கவுண்டர் லெட்சுமியும் நானும் வருடா வருடம் செய்வதுபோல டிக்கெட் மெஷின், டார்ச் லைட், வாக்கிடாக்கி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். விரலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கூடத்துக்குள் போனதும், போகப்போகிற வாத்தியத்துக்கும் ஒன்று இருக்கட்டுமே என்று பெட்டியின் வெளிக்கண்ணாடியில் நடுவாக வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. கூலாயிலிருந்து வந்த ஒரு அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அதைப் பார்த்து ஒரு சீனத் தம்பதி நின்றார்கள். அவர்களைப் பார்த்துப் பள்ளிப் பிள்ளைகள் நின்றார்கள். "அக்கா, இது சாமி இல்ல, பிரெஞ்சுக்காரங்க வாத்தியம்" என்று பதறினேன். அந்த அக்கா கண்ணைத் திறக்கவே இல்லை: "இருக்கட்டும் தம்பி, மகளுக்கு எஸ்பிஎம் பரீட்சை வருது."

மாட்டிக்கொண்டேன்

கூட்டம் கூடியபின் பேசாமல் இருக்க முடியுமா? மூடியைத் தட்டினால் சுருதி எப்படி மாறும், எப்படி மடியில் சாய்த்து வாசிப்பார்கள் என்று மூன்று மொழியிலும் கதை சொன்னேன். சத்தம் எப்படி இருக்கும் என்று ஒரு பிள்ளை கேட்டது. அதை நானே கேட்டதில்லை. ஆனாலும் கன்னத்தை உப்பி "பூம்ம்" என்றேன். கூடமே கைதட்டியது. திரும்பினால் பின்னால் புவான் ரொஹானி.

அலமாக், வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், டேப்பைக் கைப்பைக்குள் போட்டார். தொடுதிரை வாசல் பக்கம் போகட்டும், இது இங்கேயே இருக்கட்டும், நாளையிலிருந்து நீங்கள் கதையும் சொல்லுங்கள் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பொட்டு வச்சீங்க, சரி. பொரி கடலை எங்க?"

ஆறு வருடம் மூன்று மொழி விளக்க அட்டைக்கு நிற்காத கூட்டத்தை ஒரு விரல் சந்தனம் நிறுத்திவிட்டதால், இப்போது நாள் முழுக்க நின்று முழங்காலோடு சேர்ந்து தொண்டையும் வலிக்கிறது.