கடைசி அரை மணி நேரம்

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு வந்த முதல் தீபாவளி அது. தலைதீபாவளிக்கு அழைத்துப்போக அவர் பிறந்த ஊரான பேளுக்குறிச்சியிலிருந்து யாரும் வரவில்லை. கல்யாணப் பந்தியில் தன் ஆட்களைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்து போன அண்ணியின் அண்ணன், அதன் பிறகு எங்கள் மலை ஊருக்கு ஏறி வரவே இல்லை. அண்ணி அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. எதைக் கேட்டாலும் "ஆமாங்க", "இல்லீங்க". கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாத்தனார் என்னைக்கூட 'வாங்க போங்க' என்றுதான் சொல்வார்.

தீபாவளிக்கு மறுநாள் நல்ல மழை. சித்தப்பா மகன் ஒரு பென்டிரைவோடு வந்தான்.

"ஆறு பேரு சேந்து உலகத்தைக் காப்பாத்துற படம். தமிழ்லயே பேசுவாங்க."

என் லேப்டாப்பை அரிசி டின் மேல் வைத்து அண்ணன், அண்ணி, அவன், நான் நால்வரும் உட்கார்ந்தோம். ஒருத்தி தண்ணீரை இழுத்து வீசுவாள், ஒருவன் சுவருக்குள் புகுந்து போவான், இன்னொருவனுக்குக் கல் மாதிரிக் கை. பறந்தது, இடித்தது எல்லாம் எனக்கு மறந்துவிட்டது. ஆறு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து, யார் தலைவன் என்று சண்டை போட்டது மட்டும் அப்படியே நினைவில் இருக்கிறது. ஒவ்வொருவர் பக்கமும் நியாயம் இருந்தது. அந்தப் படத்தின் பலமே அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். கல்கைக்காரன் கோபித்துக்கொண்டு வெளியேறினான். மற்ற ஐந்து பேரும் வில்லனிடம் வசமாக மாட்டிக்கொண்ட நேரத்தில் கரண்ட் போனது. பழைய பேட்டரி, திரையும் கூடவே அணைந்தது.

மலைப்பாதை வளைவில் மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டதாம். மூன்று நாள் கரண்ட் இல்லை. மூன்று நாளும் எங்களுக்கு அந்த முடிவைப் பற்றித்தான் பேச்சு. "தண்ணிக்காரி வெள்ளத்தை வரவெச்சு எல்லாத்தையும் முடிச்சிருவா," என்றேன் நான். கல்கைக்காரன் சரியான நேரத்தில் வந்து குதிப்பான் என்று அடித்துச் சொன்னான் சித்தப்பா மகன்.

குச்சிக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்த அண்ணி தலை நிமிராமல், "கூப்பிடாம எப்பிடி வருவான்?" என்றார்.

நாங்கள் திரும்பிப் பார்த்தோம்.

"கோவிச்சுக்கிட்டுப் போனவனுக்குத் திரும்பி வர ஆசை இருக்கும். வெக்கமா இருக்கும்ல? தலைவன்தான் போய்க் கூப்பிடோணும். நான் படம் எடுத்தா அப்பிடித்தான் எடுப்பேன். வில்லனைப் பொறவு பாத்துக்கலாம்."

கல்யாணமான பிறகு அவர் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு கிழங்கை உரிக்கத் தொடங்கினான். மறுநாள் காலையில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தான்.

"எங்கீங்க இந்த மழையில?" என்றார் அண்ணி.

"கீழ ஒரு சோலி. வாரேன்."

மத்தியானம் பைக் திரும்பி வந்தபோது பின்னால் ஒருவர் நனைந்து உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு முறுக்குத் தூக்கு. அண்ணி வாசலுக்கு ஓடினார். "என்ன கண்ணு, இப்பிடி எளைச்சுட்டே?" என்று கேட்டபடி அண்ணியின் அண்ணன் தூக்கை நீட்டினார். அண்ணி அழுதார். அப்புறம் திட்டினார். அப்புறம் துண்டு எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் கரண்ட் வந்தது. ஐந்து பேராக உட்கார்ந்து மீதிப் படத்தைப் பார்த்தோம். அண்ணியின் அண்ணன் "இவன் யாருங்க? இவன் நல்லவனுங்களா?" என்று வரிக்கு வரி கேட்டுக்கொண்டே இருந்தார். பாதியில் வந்தவருக்கு எதுவும் புரியாது என்பது அந்த வகைப் படங்களின் பெரிய பலவீனம். ஆனால் முதலிலிருந்து பார்த்த எங்களுக்கும் அந்த முடிவு புரியவில்லை. இருபது நிமிடம் கட்டடங்கள் இடிந்தன. உள்ளே இருந்த ஜனங்களை யாரும் கேட்கவில்லை. தண்ணீர்க்காரி ஓரமாக நின்றாள். வில்லனுக்கு உலகத்தின் மேல் என்ன கோபம் என்று கடைசிவரை சொல்லவில்லை. கல்கைக்காரன் எங்கிருந்தோ வந்து குதித்தான், யாரும் கூப்பிடாமலே.

சித்தப்பா மகன் கை தட்டினான். அண்ணி மட்டும், "இது செல்லாது" என்றார். அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இப்போது நகரத்தில் வேலை. பெரிய திரையில், நல்ல சத்தத்தில் அப்படி எத்தனையோ படங்கள் பார்த்துவிட்டேன். எதிலும் பாதியில் எழுந்து வந்ததில்லை. ஆனால் அரிசி டின் முன்னால் தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்த அந்தச் சுகம் எதிலும் கிடைக்கவில்லை.

போன மாதம் ஒன்று பார்த்துவிட்டு அண்ணிக்குப் போன் செய்தேன்.

"எத்தனை பேரு அம்மிணி இதுல?"

"பதினோரு பேருங்கண்ணி."

"பதினொண்ணா! பொறவு அவிங்களுக்குள்ள சண்டை போட நேரமே இருந்திருக்காதே," என்றார் கவலையோடு.