ஏழரை மணிக்கு என் போன் ஏன் எங்கேஜ்டாகவே இருக்கிறது?

போன வாரம் மட்டும் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒருவர், தாதர் ரயிலில் ஒருவர், கோயில் வாசலில் ஒருவர்... ‘சாயங்காலம் ஏழரைக்கு உங்கள் வீட்டுக்குப் போன் போட்டால் எப்போதும் எங்கேஜ்ட். அப்படி யாரிடம்தான் பேசுகிறீர்கள்?’ கோயில் வாசலில் கேட்டவர் ஒரு மாதிரியாகச் சிரிக்க வேறு செய்தார். பக்கத்தில் என் மனைவி.

எனவே உண்மையை எழுதிவிடுவது என் வீட்டுச் சாப்பாட்டுக்கு நல்லது.

ஜூன் மாதம், முதல் மழை. பம்பாயில் முதல் மழைக்கு ரயில் நிற்கும், கூரை ஒழுகும், டெலிபோனில் முன்பின் தெரியாதவர்கள் பேசுவார்கள். நான் ரிசீவரை எடுத்தால் டயல் டோனுக்குப் பதிலாக ஒரு மாமி. அவரிடம் நான் யாரென்று சொல்வதற்குள் மூன்றாவதாக ஓர் ஆண் குரல்: “ரெண்டு பேரும் என் லைன்ல என்ன பண்ணுதீய?”

கிராஸ் கனெக்ஷன். சாதாரணமாக என்ன நடக்கும்? மூன்று பேரும் ஒருவரையொருவர் திட்டிவிட்டு வைத்துவிடுவோம். ஆனால் மூன்று பேருமே தமிழ். தமிழர்கள் பம்பாயில் திட்டுவதற்கு முன்னால் ஊர் கேட்பார்கள். ஊர் கேட்டபின் எங்கே திட்டுவது?

மாமிக்கு வீடு சயானில். பாத்ரூமில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. பிள்ளையும் மருமகளும் ஆபீஸ் விட்டு வர எட்டரை ஆகும். அதுவரை வீட்டில் மாமியும் சுவரும்தான். ஆண் குரல் காதர் பாய், தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர், திருநெல்வேலிப் பக்கம். அவர் மாலைத் தொழுகை முடித்து வரும் நேரம் ஏழரை. மறுநாளும் ஏழரைக்கு எடுத்தேன். இருவரும் இருந்தார்கள்.

எத்தனை நாள்தான் மழையைப் பற்றியே பேசுவது? நான் ஒரு விளையாட்டு சொன்னேன். ஒரு எழுத்தைக் கொடுப்பேன். அந்த எழுத்து வரிசையில் ஆரம்பிக்கும் சமையலறைச் சாமான் ஒன்றை ஒவ்வொருவரும் முறை வைத்துச் சொல்ல வேண்டும். தமிழ்ச் சொல் மட்டும். சொல்லத் தெரியாதவர் அவுட். ஆரம்பித்தவன் நான் என்பதால் நடுவரும் நான், சட்டமும் நான்.

ஒரு விஷயம் எனக்கே ஆச்சரியம். மழை விட்டு வெயில் அடித்தபோதும் எங்கள் கனெக்ஷன் விடவில்லை. பகலெல்லாம் போன் ஒழுங்காக இருக்கும். சாயங்காலம் மட்டும் மூன்று வீடும் ஒன்றாகிவிடும். ஈரக்காற்றில் கேபிள் அப்படித்தான் ஆகும் என்று இருவருக்கும் விளக்கினேன். நான் படித்தது காமர்ஸ்.

ஒருநாள் ‘ப’ கொடுத்தேன். மாமி பருப்பு என்றார். காதர் பாய் பரோட்டா என்றார். நான் பெருங்காயத்தை எடுத்து வைத்திருந்தேன்... அதற்குள் நாலாவதாக ஒரு குரல்.

“பட்டாட்டா.”

யாரது என்று கேட்டால் பதில் இல்லை. அது மராத்தி, உருளைக்கிழங்கு என்று சொல்ல வேண்டும், அப்படிச் சொன்னாலும் ‘ப’ இல்லை, செல்லாது என்று தீர்ப்பளித்தேன். எங்கள் வீட்டில் பட்டாட்டா என்றுதான் சொல்வோம், பாய் சொன்ன பரோட்டா மட்டும் தமிழா என்று கேட்டது குரல். நல்ல கேள்விதான். ஆனால் கேட்டவன் அழைக்காமல் வந்தவன் ஆயிற்றே.

அன்றிலிருந்து தினமும் வந்தான். ‘க’ என்றால் காந்தா என்பான். வெங்காயமாம். மாமி யோசித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் புகுந்து ஏதாவது சொல்லிவிடுவான். நான் கோபப்பட்டால் கிரிக்கெட் ஸ்கோர் சொல்வான். மெதுவாக யோசிக்கும் மாமிக்கு முறையே கிடைக்கவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் எட்டு மணிக்கே தலைவலி என்று வைத்துவிட்டார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஒருவனை வீட்டிலிருந்து வெளியேற்றலாம், கிளப்பிலிருந்து வெளியேற்றலாம். டெலிபோன் கம்பியிலிருந்து எப்படி வெளியேற்றுவது? எல்லோரும் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தோம். எங்களுக்கு முன்னால் அவன் இருந்தான். யாரும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தோம். அவன் பாட்டுப் பாடினான்... சுமாராகக்கூட இல்லை. காதர் பாய் குரலை மாற்றிக்கொண்டு, டெலிபோன் ஆபீசிலிருந்து பெரிய அதிகாரி பேசுவதாக இந்தியில் மிரட்டினார். அவன் அதைவிடப் பெரிய அதிகாரியாக இந்தியில் திருப்பி மிரட்டினான். பாய் பயந்து போய் இரண்டு நாள் வரவே இல்லை.

பாக்கி இருந்த ஆயுதம் ஒன்றுதான். கம்ப்ளெயின்ட். அதில் ஆபத்து இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. லைனைச் சரி செய்தால் அவன் மட்டுமா போவான்? மாமியும் பாயும்கூடப் போய்விடுவார்கள். நம்பரை வாங்கி வைத்துக்கொண்டால் இரண்டு பேர் பேசலாம், மூன்று பேர் விளையாட முடியாது. ஆனால் பம்பாயில் கம்ப்ளெயின்ட் கொடுத்து யாருக்காவது ஆள் வந்து பார்த்திருக்கிறீர்களா? அந்த தைரியத்தில்தான் கொடுத்தேன். கொடுத்துவிட்டேன் என்று சொல்லி அவனை மிரட்டலாம், அதற்குள் மூன்று மாதம் ஓடிவிடும் என்று கணக்கு.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வாசலில் லைன்மேன்.

என் மனைவி அவரை அதிசயப் பிராணியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். முப்பது வயது இருக்கும். காக்கிச் சட்டை, தோளில் பை, கையில் சோதனை போன். நமஸ்தே சார், என்ன கம்ப்ளெயின்ட் என்று கேட்டார். பட்டாட்டா என்று சொன்ன அதே குரல்.

நான் கேட்பதற்குள் அவரேதான் சொன்னார். பெயர் செல்வம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பெயரை மாற்றியிருக்கிறேன், அவருடைய வேலை அவருக்கு முக்கியம். தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவர். முதல் மழையன்று மூன்று லைனும் வந்து சேரும் தெருமுனை இரும்புப் பெட்டியைத் திறந்து பழுது பார்க்கும்போது எங்கள் பேச்சு காதில் விழுந்திருக்கிறது.

“தண்ணி எப்பவோ காஞ்சிருச்சு சார். டெய்லி டூட்டி முடிஞ்சு நான்தான் மூணு லைனையும் ஒயர் போட்டு ஜாயின் பண்றேன். எட்டரைக்குக் கழட்டிருவேன்.”

அதாவது மூன்று வாரமாக நான் நடத்திக்கொண்டிருப்பதாக நினைத்த ஆட்டத்தை நடத்தியதே அவர். நான் வெளியேற்றப் பார்த்தது வீட்டுக்காரரையே. ஏன் ஒயர் போட்டீர்கள் என்று கேட்க வேண்டியதை விட்டுவிட்டு, பிறகு ஏன் கலாட்டா செய்தீர்கள் என்று கேட்டேன்.

“நீங்க எனக்கு எப்ப சார் டர்ன் குடுத்தீங்க?”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இல்லை, ஒருநாள்கூடக் கொடுக்கவில்லை. அம்மா போனபிறகு வீட்டில் தமிழ் பேச ஆள் இல்லை என்றும் சொன்னார், பையின் வாரைச் சரி செய்துகொண்டே. எனக்கு வெட்கமாக இருந்தது.

கம்ப்ளெயின்ட் பதிவாகிவிட்டதால் இனி ஒயரைப் போட முடியாது, நான் வாபஸ் வாங்கினால்தான் உண்டு என்றார். இன்று ஒருநாள் மட்டும் போடுகிறேன், அவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்று படி இறங்கினார்.

அன்று ஏழரைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மாமிதான் முதலில் கேட்டார்.

“அவரை மட்டும் அனுப்பறேளா, எங்களையும் சேர்த்து அனுப்பறேளா? இந்த ஒரு மணி நேரத்தை நெனச்சுண்டுதான் நான் பாக்கி நாளை ஓட்டறேன்.”

காதர் பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தப் பெரிய அதிகாரி நீதானா தம்பி என்று மட்டும் கேட்டார். ஆமாம் பாய், மாஃப் கரோ, மன்னிச்சிருங்க என்றது தெருமுனை. நான் அவசரமாக எழுத்தை அறிவித்தேன். ‘க’. முதல் முறை செல்வத்துக்கு.

அவர் வேண்டுமென்றே நிதானமாக, கத்தரிக்காய் என்றார். பாய் கறி என்றார். நான் கடுகு. சுற்று சுற்றி, கறிவேப்பிலை, கசகசா எல்லாம் தீர்ந்து மாமியிடம் வந்து நின்றது. மாமி யோசித்தார். யாரும் நடுவில் புகவில்லை. வெங்காயமே உள்ளே வராத சமையலறை அவருடையது.

“காந்தா,” என்றார்.

செல்லும் என்றேன். மறுநாள் காலை முதல் வேலையாகக் கம்ப்ளெயின்டை வாபஸ் வாங்கினேன்.

அதனால் வாசகர்களே, ஏழரைக்கு என் போன் எங்கேஜ்டாக இருந்தால் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்... தயவுசெய்து கம்ப்ளெயின்ட் மட்டும் கொடுத்துவிடாதீர்கள் — எங்கள் ஏரியாவில் ஆள் உடனே வந்துவிடுகிறார்.