கல்விக் காரியாலயத்தில் ஒரு பெரட்டு

மனு எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. பதுளையில் துணிக்கடையில் வேலை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கு விண்ணப்பம் எழுதவேண்டுமானாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். என் மகள் படிக்கும் மூன்றாம் வகுப்புக்கு வருடத் தொடக்கத்திலிருந்தே ஆள் இல்லை. தன் பெயரைத் தவிர வேறெதையும் பிள்ளைக்குத் தடுமாறாமல் வாசிக்கத் தெரியாது. நானும் 'மேன்மைதங்கிய' என்று தொடங்கி மூன்று மனு அனுப்பிவிட்டேன். கிணற்றில் போட்ட கல்தான்.

"ஒங்க மனு அங்கயே ஒக்காந்திருக்கு. நாங்க போயி நிக்கிறோம்" என்றாள் மனைவி. கொழுந்து பறிக்கிறவள். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள்.

"கூட்டமா போயி கத்துனா காரியம் கெட்டுப் போகும்" என்று எரிந்து விழுந்தேன்.

"யாரு கத்தப் போறா?" என்றாள்.

சொன்னபடியே ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு இருபது தாய்மார் நமுனுகுல பஸ்ஸில் பதுளைக்கு வந்துவிட்டார்கள். நிலைமையைக் காப்பாற்றும் நினைப்பில், முதலாளியிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு ஓடினேன். கல்விக் காரியாலய முற்றத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். காலையில் கங்காணி பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பாரே, அந்தப் பெரட்டுக்கு நிற்பது போலவே இரண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். சத்தம் இல்லை, பதாகை இல்லை.

அதிகாரி வெளியே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். "என்னம்மா, ஏன் இப்பிடி நிக்கிறியள்? உங்கட பள்ளிக்கூடத்துக்கு அஞ்சு ஆசிரியர் இருக்கினமே. இடாப்பில கிடக்கு."

"அப்ப அந்தப் பேருகள கூப்பிடுங்க ஐயா. நாங்க பதில் சொல்றோம்" என்றாள் என் மனைவி.

அவர் சிரித்துக்கொண்டே ஆசிரியர் பெயர்ப் பதிவான அந்த இடாப்பைத் திறந்தார். முதல் இரண்டு பெயருக்கும் "வந்திருக்காங்க" என்றார்கள். மூன்றாவது பெயருக்கு இருபது குரலும் ஒன்றாக, நிதானமாகச் சொன்னன: "வரல." நான்காவதுக்கும் "வரல." ஐந்தாவதைக் கூப்பிடாமல் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவையள் தற்காலிகமா டவுன் பள்ளிக்கூடத்தில..."

"பெரட்டுக்கு வராட்டி எங்களுக்குப் பேரு விழாது, அன்னைக்குச் சம்பளமும் இல்லீங்க ஐயா. வராதவங்களுக்கு ஒங்க பொஸ்தகத்துல மட்டும் எப்படிங்க பேரு விழுது?"

கோபமே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள். பன்னிரண்டு வருடம் ஒரே லயத்துக் காம்பராவில் குடித்தனம் நடத்தியும் இவளை நான் சரியாகப் பார்த்ததே இல்லை போலும். அதிகாரி இடாப்பை மூடினார். பிறகு, "உள்ள வந்து இருந்து கதையுங்கோ" என்றார்.

அந்த மூன்று ஆசிரியர்களும் திரும்பி வந்துவிடவில்லை. இரண்டு வாரத்தில் ஒரே ஒரு டீச்சர் வந்தார், மூன்றாம் வகுப்புக்கு. அன்று காலை வகுப்பு ஜன்னலோரம் நின்றுவிட்டு கொழுந்து மலைக்குப் பிந்திப் போனதால் மனைவிக்கு அரைப் பேர்தான் விழுந்தது, அரை நாள் சம்பளம்.

"ஒரு டீச்சரப் பாக்க அரைப் பேரா?" என்று கேலி செய்தேன்.

"ஒவ்வொரு புள்ளையா பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க. நம்ம புள்ள எந்திரிச்சுப் பதில் சொல்லுச்சு." கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் மூணாம் வகுப்புல ஒரு வருசம் பூரா ஒக்காந்திருந்தேங்க. எம் பேர யாருமே கூப்பிடல."