கிராப்ட்ரீ வம்சத்தின் சுத்தம்

எல்சி கிராப்ட்ரீக்குப் பதினேழு வயதில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கல்யாணம் ஆகவில்லை. குழந்தைக்குப் பெயர்கூட வைத்து முடிக்கவில்லை, அதற்குள் எல்சியின் அப்பா எல்கானா அதைச் சால்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். வெறும் சால்வையோடு திரும்பி வந்தார்.

"நம்ம வம்சத்துல இப்படி ஒரு அசிங்கம் நடந்ததே இல்ல. இனி இந்தப் பேச்சு இந்த வீட்டுல வரக் கூடாது."

அது 1938. பேச்சு வரவில்லை. எல்சி ஹேக்ராய்டு ஊரின் கம்பளி ஆலையில் தறி ஓட்டினாள். அம்மா செத்த பிறகு அப்பாவுக்குச் சமைத்தாள். அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரிடமும் எல்கானா முந்திக்கொண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். உண்மை பேசுவது தன் கடமை என்றார். ஞாயிறுதோறும் சபைக்கூடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து, பாவ வலையில் விழுந்த பெண்களுக்காக உரக்க ஜெபித்தார். ஜெபத்தைக் கேட்ட சபையாரின் தலைகள் ஒவ்வொரு தடவையும் எல்சி பக்கம் திரும்பும். கடவுளின் காதுக்குப் போகவேண்டியது ஊரின் காதுக்குப் போய்க்கொண்டிருந்தது.

எழுபதுகளின் நடுவில், தத்துப் போன பிள்ளைகள் பற்றிய சட்டம் மாறியதாகப் பத்திரிகையில் படித்து, எல்சி பதிவு அலுவலகத்துக்குப் போனாள்.

"உங்க பொண்ணு உங்களைத் தேடலாம்மா. நீங்க அவளைத் தேட முடியாது" என்றான் மேசைக்குப் பின்னால் இருந்தவன்.

"அவளுக்கு என் பேரே தெரியாட்டி?"

"அப்ப கஷ்டம்தான்."

மகள் போன ஊரை அறிந்திருக்கக்கூடியவர் உலகத்தில் அவள் அப்பா ஒருவர்தான் மிச்சம். அவர் வீட்டில் கணப்பின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, கேட்கும்போதெல்லாம் வம்சத்தின் சுத்தத்தைச் சொன்னார். அவருடைய தாத்தா ஜோனாஸ் சபைக்கூடத்துக்குக் கல் சுமந்தவர். அப்பா ஜாபெஸ் அந்த ஜோனாஸின் கடைசி மகன், தகப்பன் மடியில் வேதம் கேட்டு வளர்ந்தவர். இந்த வம்சத்தில் அப்பன் பெயர் இல்லாமல் ஒரு பிள்ளை பிறந்ததில்லை.

அந்தச் சுத்தத்தை உடைத்தால் கிழவன் வாயும் திறக்கும் என்று எல்சி நினைத்தாள். நூலகத்தின் மாடிக்குப் போக ஆரம்பித்தாள்.

அங்கே பழைய குடிக்கணக்கு படச்சுருளாக இருந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை அரசாங்கத்தின் ஆள் வீடு வீடாகப் போய், யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு யார் என்ன உறவு என்று எழுதியது. நூறு வருஷம் பூட்டி வைத்துத்தான் திறப்பார்கள். எல்லாரும் தங்கள் வம்சத்தில் கோமான்களைத் தேடி வந்தார்கள். கிடைத்தது பன்றி மேய்த்தவர்களும் சாக்கடை தோண்டியவர்களும். எல்சி தேடிய ஜோனாஸ் பாதியிலேயே காணாமல் போனார். 1861இல் மனைவி சூசன்னாவோடு இருக்கிறார். 1871இல் வீட்டில் சூசன்னாவும் ஒன்பது வயது மகள் ஃபீபியும் மட்டும். வேலை தேடி வெளியூர் போயிருப்பார் என்று எண்ணி, பக்கத்து ஊர்களின் சுருள்களையெல்லாம் கண் எரிய ஓட்டினாள்.

1982 ஜனவரியில் 1881இன் கணக்கு திறந்தது. சுருளை ஓட்டிப் பார்க்கும் பக்கத்து இயந்திரத்தில் ஓய்வு பெற்ற தபால்காரர் கிளிஃபர்ட். அவர் ஒரு பிரபுவைத் துரத்திக்கொண்டிருந்தார்.

"என்ன எல்சி கண்ணு, கொள்ளுத்தாத்தா இன்னும் ஒளிஞ்சுக்கிட்டுத்தான் இருக்காரா?"

"உங்க பிரபு வந்துட்டாரா?"

"வந்தாரு. திருட்டு ஆட்டோட ஜெயில்ல இருக்காரு." எட்டிப் பார்த்தார். "அட, இந்தக் கிழவிக்கு ஐம்பத்தெட்டு வயசு. பத்து மாசத்துல மகனா?"

திரையில் இருந்தது: சூசன்னா, விதவை. ஃபீபி, மகள், பத்தொன்பது, நெசவு. ஜாபெஸ், மகன், பத்து மாதம்.

"பத்து வருஷத்துக்கு முந்தி என்ன போட்டிருக்குன்னு பாரு. புருஷன் இருந்தானா?" என்றார் கிளிஃபர்ட்.

எல்சி பழைய சுருளை மறுபடி மாட்டினாள். தேடியது ஜோனாஸின் பெயரை. சூசன்னாவின் பெயருக்கு எதிரே எழுதியிருந்ததை இதுவரை படிக்கவே இல்லை. விதவை. 1871இலேயே விதவை.

கிளிஃபர்ட் குரலைத் தாழ்த்தினார். "இங்க வர்ற பாதிப் பேர் வீட்டுல இதான் கதை. மக பெத்ததை அம்மாக்காரி தன்னோடதுன்னு சொல்லிடுவா. கணக்கெடுக்க வந்தவன் சொன்னதை எழுதிட்டுப் போயிடுவான். மனசுல வச்சுக்காத கண்ணு."

மனசில் வைத்துக்கொள்வதா? எல்சி படிகளில் ஏறக்குறைய ஓடித்தான் இறங்கினாள்.

எல்கானா வெங்காயம் போட்ட இரைப்பைக் கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் நின்றுகொண்டே சொன்னாள். "உங்க அப்பா ஜாபெஸ் பிறக்கறதுக்கு ஒன்பது வருஷம் முந்தியே ஜோனாஸ் செத்தாச்சு. ஜாபெஸைப் பெத்தவ ஃபீபி."

அவர் மென்று விழுங்கினார். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஃபீபி அத்தைன்னுதான் நாங்க கூப்பிடுவோம். அடுப்படியிலதான் படுப்பா. அப்பா அவளை எங்களோட உட்கார்ந்து சாப்பிட விட்டதில்ல. சாகக் கிடக்கறப்போ, 'ஜாபெஸ், ஒரே ஒரு தடவை அம்மான்னு கூப்பிடு'ன்னு கேட்டா. அப்பா தொப்பியை எடுத்துக்கிட்டு ஆலைக்குப் போயிட்டார். நான் கதவோரம் நின்னேன்." ரொட்டியால் தட்டைத் துடைத்தார். "நம்ம வீட்டுல இன்னொண்ணு பிறந்தா, அது கண்ணுல படாத தூரம் போகணும்னு அன்னைக்கே முடிவு பண்ணேன். உனக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன்."

தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே நாற்பத்து நான்கு வருஷம் அவளைச் சபையின் முன்னால் அழுக்காக உட்கார வைத்திருக்கிறார். வேதம் படித்த மனிதர்!

"எந்த ஊருக்குப் போச்சு?"

"கேட்கல. போதகர் சொன்ன பொம்பளை ஸ்டேஷன்ல வாங்கிக்கிட்டா."

"பொய்."

"சரி, பொய்."

"ஊரைச் சொல்லுங்க. இல்லாட்டி மேட்டு ஆஸ்பத்திரில போட்டுடுவேன்."

அவர் கை நின்றது. மேட்டு ஆஸ்பத்திரி முன்பு ஏழை விடுதியாக இருந்தது. புருஷனைத் தனியாகவும் பெண்சாதியைத் தனியாகவும் பிரித்து, சீருடை மாட்டி, கல் உடைக்க வைத்த இடம். பெயர்ப்பலகை மாறி வெகுகாலமாகிவிட்டது. ஹேக்ராய்டின் கிழவர்களுக்கு மட்டும் மாறவில்லை. அங்கே சாகவிட மாட்டேன் என்று எல்சியிடம் அவர் சத்தியம் வாங்கியிருந்தார்.

"உனக்குத் துணிச்சல் கிடையாது" என்றார்.

மறுநாள் காலை அவள் டாக்டரிடம் போனாள். என்னால் தூக்க முடியவில்லை, முதுகு போய்விட்டது என்றாள். பிப்ரவரியில் மேட்டு ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கை காலியாயிற்று.

ஆஸ்பத்திரி வண்டி வந்த அன்று எல்கானா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். வண்டிக்காரர்கள் விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்கள். தெருவில் திரைச்சீலைகள் விலகின.

"எல்சி! ஹல்! ஹல் ஊருக்குத்தான் போச்சு!"

அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள்.

வண்டிக்குள் ஏற்றியதும் மறுபடி கத்தினார். "இல்ல, பிரஸ்டன்! பிரஸ்டன் எல்சி, சத்தியமா! இல்லாட்டி லீட்ஸ்..."

தெரிந்திருந்தால் ஒரே ஊரைச் சொல்லியிருப்பார். உண்மையிலேயே கேட்கவில்லை. ஒரு குழந்தையை ஸ்டேஷனில் யாரிடமோ நீட்டிவிட்டு, எங்கே கொண்டுபோகிறாய் என்றுகூடக் கேட்காமல் சாப்பிட வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"பெரியவர் என்னம்மா சொல்றாரு?" என்றான் வண்டிக்காரன்.

"வாய்க்கு வந்த ஊர்ப் பேரெல்லாம் சொல்றாரு. நீங்க கதவைச் சாத்துங்க" என்றாள் எல்சி.