அடங்க மறுத்த வீக்கம்

நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை அது. மீஞ்சூரில் ரயில் ஏறும்போதே மாமாவின் கழுத்தில் இருக்கும். கும்மிடிப்பூண்டியில் இறங்கி, அவர் இரும்பு மில்லுக்கும் நான் ரசாயன ஆலையின் பரிசோதனைக் கூடத்துக்கும் பிரியும்போதும் இருக்கும். அம்மாவின் தம்பி அவர். கழுத்துக் கட்டிகளை மறைக்கத்தான் அந்தக் கைக்குட்டை. ஒன்று உடைந்து வடிந்து ஆறுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று புடைத்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம்.

ரயில் சினேகிதர்கள் விடமாட்டார்கள். "இன்னா மச்சான், இந்த வெயில்ல கழுத்துக்கு ஸ்வெட்டரா?" என்பார் ஒருவர். "உள்ள ஃபர்னஸ் ஓடுது நைனா, மூடி போட்டுக்கினு வரேன்" என்பார் மாமா. சிரித்து முடித்ததும் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். தூங்கினால் தீருகிற சோர்வு இல்லை அது. காசநோய்க் கட்டி என்று சொல்லிக் கொடுத்த மாத்திரையை இரண்டு முறை முழுதாகச் சாப்பிட்டு முடித்தும் வீக்கம் அசையவில்லை. யாரும் ஒதுக்குவதற்கு முன்பே தன் டம்ளரைத் தானே தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்.

சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையின் டாக்டரம்மாதான், "கூடப் பொறந்த ஆம்பளப் பிள்ளைங்க யாராவது சின்னதுலயே தவறிட்டாங்களா?" என்று கேட்டார். ஒரு அண்ணன், கைக்குழந்தையிலேயே. அதன்பிறகுதான் அந்த ரத்தப் பரிசோதனை. கிருமியைக் கண்டால் வெள்ளை அணுக்கள் ஆக்ஸிஜனிலிருந்து சில வீரியமான பொருள்களைத் தயாரிக்கும்; அப்படித் தயாரிக்கும் அணுக்கள் சோதனையில் ஒளிரும். மாமாவின் அணுக்கள் ஒளிரவில்லை. "அப்ப இத்தினி வருசமா உள்ள கரண்டே இல்லியா?" என்றார் மாமா.

எனக்கோ பரபரப்பு. திரும்பும் ரயிலிலேயே போனில் தேடித் தேடிப் படித்து அவர் காதில் கொட்டினேன். அந்தப் பொருள்களில் ஒன்று, எங்கள் ஆலைத் தண்ணீர்த் தொட்டியில் போடும் பிளீச்சிங்குக்கு நெருங்கிய சொந்தம். கிருமியைக் கொல்லத்தான் அது என்று கல்லூரியில் மனப்பாடம் செய்திருந்தேன். பாதி வேலைதான் அது. சண்டை முடிந்ததும் மற்ற அணுக்களை 'போதும்' என்று அடக்கவும், செத்துக் கிடப்பதை அள்ளிச் சுத்தம் செய்யவும் அதே பொருள்கள்தான் துணை. அவை இல்லாத உடம்பில் கிருமி போன பிறகும் வீக்கம் போவதில்லை; யாரும் நிறுத்தச் சொல்லாததால் அது நடந்துகொண்டே இருக்கிறது.

மாமா பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் இருக்கட்டும் பாப்பா. இது அம்மா வழியாத்தான வருது? ஒங்க அக்காவுக்குப் பையன் பொறந்தா?"

அக்காவுக்கு அப்போது மாதம் நெருங்கியிருந்தது. பிறந்தது பையன்தான். குழந்தையின் ரத்தப் பரிசோதனை முடியும்வரை, உயிருள்ள கிருமி கலந்த காசநோய்த் தடுப்பூசி வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், ஊசி போட வந்த நர்சோடு அம்மாவுக்குப் பெரிய வாக்குவாதம். மாமா அந்தச் சமயம் நுரையீரலில் பூஞ்சை பிடித்து, காய்ச்சலோடு வார்டில் கிடந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி: "கொயந்தைக்கு இன்னா ஆச்சி?" முடிவு வந்த மத்தியானம் ஓடினேன். "ஒளிருது மாமா. நல்லா ஒளிருது."

"அப்ப சரி" என்றார். ரயிலில் சாய்வதுபோலவே தலையைச் சாய்த்துக்கொண்டார். அந்தக் காய்ச்சலிலிருந்து அவர் திரும்பவில்லை.

இப்போது தனியாகத்தான் ரயிலில் போகிறேன். தேடிப் படிப்பதும் குறைந்துவிட்டது. காரணத்தை மட்டும் தெரிந்து வைத்திருப்பது ஒருவகைக் களைப்பு. போன வாரம் அக்கா மகன் ஜல்லியில் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டு வந்தான். அவசரத்துக்குக் கையில் அகப்பட்டது அந்த நீலக் கைக்குட்டை. கட்டிவிட்டேன். மறுநாள் முழங்கால் சிவந்து வீங்கியிருந்தது. அவனுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்திருந்தும் பயந்தேன். அக்காவிடம் சொல்லாமல் காலையும் மாலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நல்ல சூடு. பிறகு கொஞ்சம் குறைந்த சூடு. இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது கைக்குட்டை வாசலில் கிடந்தது. அவனே அவிழ்த்து எறிந்துவிட்டுத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தான்.

எடுத்து உதறி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ரயிலுக்கு நடந்தேன்.